விரும்பித்தானே வந்தீர்கள்?

அந்த நோட்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நீல அட்டை. வியர்வையில் நனைந்து நனைந்து காய்ந்ததில் ஓரமெல்லாம் சுருண்டுபோயிருந்தது. எழுதியவர் அதைப் பாலித்தீன் கவரில் சுற்றி, தலையணை உறைக்குள் ஒளித்து, மூன்று வருடம் காப்பாற்றி வைத்திருந்தாராம். வழக்கறிஞர் அதை மேஜையில் என் பக்கமாக நகர்த்தி, "ஒரு வரி விடாமல் மொழிபெயர்க்க வேண்டும்" என்றார்.

வேலைக்கென்று அழைத்துப் போகப்பட்டு, வேறொரு நாட்டில் அடைபட்டுக் கிடந்து மீண்டவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருப்பது சில வருடங்களாக என் வேலை. அவர்கள் தமிழில் சொல்வதை அதிகாரிகளுக்கும் வக்கீல்களுக்கும் சொல்வேன், அவர்கள் கேட்பதை இவர்களுக்குச் சொல்வேன். எத்தனையோ வாக்குமூலங்கள் என் வாய் வழியாகப் போயிருக்கின்றன. ஆனால் ஒரு மனிதர் தன்னை அடிமையாக்கிய கடனுக்குத் தானே கணக்கு எழுதி வைத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். எந்த நாடு, என்ன வேலை என்பதை எழுதப் போவதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

முதல் பக்கத்தில் ‘ஏஜென்ட் கமிஷன்’ என்று எழுதி ஒரு தொகை. பேசிய மாதச் சம்பளத்தைப் போல எட்டு மடங்கு. கையில் காசில்லை என்றவரிடம், "இப்ப ஒண்ணும் தர வேணாம்ண்ணே, போய் வேலை செஞ்சு கழிச்சுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பக்கத்திலிருந்து மாதாமாதம் கழிவு தொடங்குகிறது. முதலில் சம்பளம்: பேசியதில் பாதி. அந்தப் பாதியிலிருந்து அறை வாடகை, சாப்பாடு, வேலைக்குப் போகிற வண்டிச் செலவு, கையுறை, பூட்ஸ். ஒரு மாதம் ‘காய்ச்சல் 4 நாள்’ என்று இருக்கிறது. அந்த 4 நாள் சம்பளமும் போய், வேலைக்கு வராததற்கு அபராதமும் போட்டிருக்கிறார்கள். விசா புதுப்பிக்க என்று ஒரு பெரிய தொகை கடனோடு சேர்கிறது. பதினோராவது மாதப் பாக்கி, முதல் மாதப் பாக்கியைவிட அதிகம். இருபதாவது மாதத்துக்குப் பிறகு அவர் கூட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அதற்கப்புறம் தேதி மட்டும்தான். தேதி, அதற்கு நேரே ஒரு கோடு. பக்கம் பக்கமாக அப்படியே போகிறது.

இந்த நோட்டு வழக்கறிஞரிடம் வருவதற்கு முன்பே, இதை எழுதியவரை ஒரு அதிகாரி விசாரித்திருந்தார். அன்றைக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த அதிகாரி கடுமையான ஆள் இல்லை, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் பேசினார். மூன்றாவதோ நான்காவதோ கேள்வியாக அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்: "நீங்க விரும்பித்தானே இந்த வேலைக்கு வந்தீங்க?"

"ஆமா மேடம். நாந்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

‘ஆமாம்’ என்று நான் மொழிபெயர்த்தேன். ‘விருப்பத்தின் பேரில் வந்தார்’ என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு வரியை உடைக்கத்தான் வழக்கறிஞர் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார். என் வாயிலிருந்து வந்த கேள்வி என்பதால் அது என்னை விடவே இல்லை.

சிக்கல் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறதோ என்று நினைக்கிறேன். இப்படி ஆளைக் கொண்டுபோய்ச் சுரண்டுவதைச் சட்டம் மனிதக் கடத்தல் என்கிறது. ஆனால் கடத்தல் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது வாயைப் பொத்தி வண்டியில் ஏற்றுவதுதான். ஆளைக் கடத்துவதும் கடத்தல், தங்கத்தைக் கடத்துவதும் கடத்தல். ‘கட’ என்ற வேரிலிருந்து வந்த சொல், எதையோ ஓர் எல்லையைக் கடக்க வைப்பது. அதனால் எல்லை தாண்டினால்தான் கடத்தல், கட்டாயப்படுத்தித் தூக்கினால்தான் கடத்தல் என்று மனசில் பதிந்துவிடுகிறது. திருட்டுத்தனமாக ஒருவரை நாடு தாண்டிக் கூட்டிப்போய் விடுவதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். அது வேறு குற்றம். அதற்கு ஐ.நா.வில் தனி நெறிமுறையே, அதாவது நாடுகள் ஒப்புக்கொண்ட தனி உடன்பாடே, இருக்கிறது. அங்கே காசு வாங்கிக்கொண்டு எல்லை தாண்டவைத்ததோடு கணக்கு முடிகிறது. மனிதக் கடத்தலில், போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கிறது. பிறந்த தெருவை விட்டு ஒரு அடி நகராமலே கூட ஒருவர் இதற்கு இரையாகலாம்.

மனிதக் கடத்தல் என்றால் என்ன என்று உலகம் ஒரு வரையறையை ஒப்புக்கொண்டதே 2000ஆம் ஆண்டில்தான். நவம்பர் 15 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறை அது. 2003 டிசம்பர் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: என்ன செய்தார்கள், எந்த வழியில் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள். ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, தங்கவைப்பது, பெற்றுக்கொள்வது எல்லாம் செயல். வன்முறை, மிரட்டல் மட்டும்தான் வழி என்றில்லை. ஏமாற்று, மோசடி, ஒருவருடைய இக்கட்டான நிலையைப் பயன்படுத்திக்கொள்வது இவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நோக்கம் சுரண்டல்: பாலியல் சுரண்டல், கட்டாய உழைப்பு, அடிமைத்தனம், உடல் உறுப்பை எடுப்பது.

அடுத்து வரும் வரிதான் எனக்கு முக்கியம். இந்த வழிகளில் ஒன்று கையாளப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது ஒரு பொருட்டே இல்லை என்கிறது நெறிமுறை. 18 வயதுக்குக் கீழே இருந்தால் வழியைக்கூடப் பார்க்க வேண்டாம். சுரண்டும் நோக்கத்தோடு சேர்த்திருந்தாலே போதும், அது கடத்தல்.

அப்படியென்றால் "விரும்பித்தானே வந்தீர்கள்?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து எதையும் முடிவு செய்யவே கூடாது. எதற்கு விரும்பினார்? பேசிய சம்பளத்துக்கு, பேசிய வேலைக்கு, எட்டு மணி நேர உழைப்புக்கு. கிடைத்தது வேறு. தூண்டிலில் மீன் புழுவுக்குத்தான் வாய் திறந்தது, முள்ளுக்கு இல்லை.

"அப்புறம் ஏன் ஓடி வரல?" இதுதான் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். சில சமயம் நீதிமன்றத்திலும் கேட்பார்கள். நான் இவரிடம் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். கதவு பூட்டியிருக்கவில்லையாம். பாஸ்போர்ட் மேஸ்திரியின் இரும்பு அலமாரியில் இருந்தது. விசா அந்த முதலாளியின் பெயரில், வெளியே வந்தால் அன்றைக்கே சட்டவிரோதமாகத் தங்கியவர். போலீசிடம் போனால் உள்ளே தள்ளுவார்கள் என்று முதல் வாரத்திலேயே சொல்லி வைத்திருந்தார்கள். "ஊர்ல அவங்க ஆள் இருக்காங்க மேடம். வீடு தெரியும். பொண்ணு படிக்கிற ஸ்கூல் தெரியும்." அடிக்கவே இல்லையா என்று கேட்டார் வழக்கறிஞர். "அடிச்சது வேற ஒருத்தர. எங்கள நிக்கவச்சுப் பாக்கச் சொன்னாங்க."

சங்கிலி எதற்கு இதற்கு மேல்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் வாக் ஃப்ரீ என்ற மனித உரிமை அமைப்பும் புலம்பெயர்தலுக்கான சர்வதேச அமைப்பும் சேர்ந்து 2022இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி நவீன அடிமைத்தனத்தில் இருப்பவர்கள் ஏறத்தாழ 5 கோடிப் பேர். 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில், 2 கோடியே 20 லட்சம் பேர் கட்டாயத் திருமணத்தில். கட்டாய உழைப்பில் இருப்பவர்களில் 33 லட்சம் பேர் குழந்தைகள். மற்ற தொழிலாளர்களைவிட, இடம்பெயர்ந்து போன தொழிலாளர்கள் இதில் சிக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம். அந்த அறிக்கையில் என்னை நிறுத்தியது வேறொரு விவரம். மக்களைக் கட்டிப்போட அதிகமாகப் பயன்படுத்தப்படும் வழி அடியும் உதையும் இல்லை, சம்பளத்தை நிறுத்தி வைப்பது. ‘இப்போது விட்டுப் போனால் இத்தனை மாதக் காசும் போச்சு’ என்ற நினைப்பே ஆளை அங்கே உட்காரவைத்துவிடும். இந்தக் கட்டாய உழைப்பால் வருடத்துக்கு 23,600 கோடி டாலர் சட்டவிரோத லாபம் என்று 2024இல் அதே தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. அந்த நோட்டில் பிடித்த கையுறைக் காசும் காய்ச்சலுக்குப் போட்ட அபராதமும் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

கடனால் ஆளைக் கட்டுவது புதிய தந்திரமும் இல்லை. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது, 1834 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் நவம்பரில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல் மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கைகள் வேண்டும், அவ்வளவுதான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைக் கட்டியது கங்காணியிடம் வாங்கிய முன்பணம். அங்கே ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்தின் கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆட்களோடு கூடவே போகும். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இந்த நீல நோட்டைப் புரட்டியபோது அந்தத் துண்டுச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. ஒரே வித்தியாசம், இதை எழுதியவர் கடன்பட்டவர்.

1956ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை கடன் கொத்தடிமையை எப்படி விளக்குகிறது தெரியுமா? ஒருவர் தன் உழைப்பைக் கடனுக்கு ஈடாக வைக்கிறார், ஆனால் அந்த உழைப்பின் நியாயமான மதிப்பு கடனிலிருந்து கழிக்கப்படுவதில்லை, அல்லது எவ்வளவு காலம், என்ன மாதிரி வேலை என்பதற்கு வரம்பே இல்லை. அந்த நோட்டைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. வழக்கறிஞர் கேட்டது இந்த வரிக்கான சாட்சியத்தைத்தான்.

‘விரும்பித்தானே’ என்ற கேள்வி உயிரோடு திரும்பியவர்களிடம்தான் கேட்கப்படுகிறது. 2004 பிப்ரவரி 5 இரவு, இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் மணல்வெளியில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களைக் கடல் ஏற்றம் சூழ்ந்துகொண்டது. குறைந்தது 21 பேர் மூழ்கிப் போனார்கள். அந்தக் கடலின் குணம் தெரியாதவர்களை இருட்டில் அங்கே அனுப்பியது ஆள் பிடிக்கும் ஒரு மேஸ்திரி. வந்து சேர்ந்ததற்கான கடன் அவர்கள் தலையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த நாடு, இப்படி ஆள் அனுப்பும் மேஸ்திரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தது. அவர்கள் பிழைத்து வந்திருந்தால், விசாரணை அறையில் அவர்களிடமும் அதே ‘விரும்பித்தானே’ கேள்வி கேட்கப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போதெல்லாம் எங்களுக்கு வரும் ஆட்களே மாறிவிட்டார்கள். படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், ஆங்கிலம் பேசுபவர்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று விமானத்தில் போய் இறங்கி, அங்கிருந்து காரில் ஏற்றி, ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டவர்கள். கம்போடியா, லாவோஸ் என்றும் இந்தக் கதை நீளும். உயரமான சுவர், முள்வேலி, உள்ளே மோசடி மையம். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் வேறு யாரோ போல நடித்து, முகம் தெரியாதவர்களிடம் காதலும் முதலீடும் பேசிப் பணம் கறக்க வேண்டும். இலக்கு எட்டாவிட்டால் அடி, மின்சாரம், பட்டினி. வெளியே போக வேண்டுமா, உன்னை வாங்கிய காசைக் கட்டு என்பார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது.

அங்கிருந்து மீண்ட ஒரு பையன், அவனை அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது, பேசும்போது கைகளை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டான். தட்டச்சு செய்த கைகள். "அக்கா, நான் ஏமாத்தினதுல ஒரு வயசானவங்க இருந்தாங்க" என்று ஆரம்பித்தவன் மேலே பேசவில்லை. அவன் சொன்னதில் முக்கால்வாசி தான் செய்ததைப் பற்றி, தனக்குச் செய்யப்பட்டது பற்றிக் கால்வாசிதான். இவனைக் குற்றவாளியாகப் பார்ப்பதா, பாதிக்கப்பட்டவனாகப் பார்ப்பதா என்று அதிகாரிகள் தடுமாறுவதை நேரில் பார்த்தேன்.

இதில் தடுமாற வேண்டியதில்லை. கடத்தப்பட்டவர் கட்டாயத்தால் செய்த குற்றத்துக்கு அவரைத் தண்டிக்காமல் விட வழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய கவுன்சிலின் 2005 உடன்படிக்கை சொல்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கட்டாய உழைப்பு உடன்படிக்கைக்கான 2014 நெறிமுறையும் அதையே சொல்கிறது. பிரிட்டனில் கஞ்சா வளர்க்கும் வீடுகளில் அகப்பட்ட இரண்டு வியட்நாமியச் சிறுவர்கள் மேல் வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். அவர்கள் கடத்தப்பட்டவர்களா என்பதை முதலில் சரியாகப் பார்க்காமல் வழக்கு நடத்தியது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. சிறுவர்களாகப் பிடிபட்டவர்கள் அதற்குள் வளர்ந்த ஆண்களாகியிருந்தார்கள்.

பாலியல் சுரண்டலுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்களைப் பற்றி இங்கே குறைவாகத்தான் எழுதுகிறேன். அவர்கள் என்னிடம் சொன்னது என்னிடமே இருக்கட்டும். ஒன்று மட்டும்: அழைத்துப் போனவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர் இல்லை. உறவு, தோழி, காதலன், ‘அக்கா’. மோசம் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த உறவையே பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கே பல பேருக்குப் பல மாதம் ஆகிறது.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது, கேள்வியை மாற்றுவது. நான் மொழிபெயர்ப்பாளர்தான், கேள்வியை மாற்ற எனக்கு உரிமை கிடையாது. ஆனால் விசாரிப்பவர் காது கொடுப்பவராக இருந்தால், இடைவேளையில் சொல்லிப் பார்ப்பேன். ‘விரும்பி வந்தீர்களா’ என்பதற்குப் பதில் ‘உங்க பாஸ்போர்ட் யார் கையில இருந்துச்சு’ என்று கேளுங்கள். ‘அடைத்து வைத்தார்களா’ என்பதற்குப் பதில் ‘நாளைக்கே வேலையை விடுறேன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்’ என்று கேளுங்கள். சம்பளம் யார் கைக்கு வந்தது, போன் பேசும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், உடம்பு சரியில்லாத அன்று என்ன நடந்தது. இப்படிக் கேட்டால் ஆட்கள் பேசுகிறார்கள். ‘நீங்க அடிமையா இருந்தீங்களா’ என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை. நாமானாலும் சொல்ல மாட்டோம்.

இதைத் தடுக்க ஒரே ஒரு இடத்தில் கை வைக்கலாம் என்று என்னைச் சொல்லச் சொன்னால், ஏஜென்ட் கமிஷனில் கை வைப்பேன். வேலைக்கு ஆள் எடுக்கும் செலவை முதலாளி ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. 1997ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை தனியார் வேலைவாய்ப்பு முகமைகளுக்கு இதைப் பொது விதியாக வைத்துவிட்டது. 2011இல் வந்த 189ஆம் உடன்படிக்கை, வீட்டு வேலை செய்பவர் தன் பயண ஆவணத்தையும் அடையாள ஆவணத்தையும் தானே வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறது. இரண்டையும் உலகின் பெரும்பாலான நாடுகள் இன்னும் ஏற்கவில்லை. மீட்புக்குச் செலவிடும் காசில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால் எத்தனையோ நோட்டுகளில் முதல் பக்கமே எழுதப்பட்டிருக்காது. கமிஷன் கடன் இல்லையென்றால் மேஸ்திரிக்கு மிரட்டவே பிடி இல்லை.

மொழிபெயர்த்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாவது நாள் அவரை மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். வழக்கறிஞர் இன்னொரு தாளில் வேறொரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். பேசிய சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்து, மாதாமாதம் அதில் பாதியைக் கமிஷனுக்கு மட்டும் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கு. அந்தக் கமிஷன் வாங்கியதே சட்டப்படி தப்பு, ஆனாலும் நீதிமன்றத்துக்குக் காட்ட அப்படிப் போட்டிருந்தார். பதினாறாவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகான இருபது மாதச் சம்பளத்தை அவர்கள்தான் இவருக்குத் தர வேண்டும்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலை ஒவ்வொரு வரியின் மேலும் வைத்துக் கீழே கொண்டுபோனார். கூட்டல் சரியா என்று உதடு அசைய ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

"அப்ப நான் அவங்களுக்கு ஒண்ணும் தர வேண்டியதில்லையா மேடம்?"

"இல்லண்ணே. அவங்கதான் உங்களுக்குத் தரணும்."

அந்தக் காசு வருமா என்று அவர் கேட்கவில்லை. அசல் நோட்டு சாட்சியமாகப் போய்விட்டதால், பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மடிப்பை நீவி என் முன்னால் வைத்தார். பாக்கி இல்லை என்று தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். தேதி போடச் சொன்னார். அதற்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டுத் தரச் சொன்னார்.